கார் ரிக் புகைப்படக்கலை – சிங்கப்பூர் லிட்டில் இந்தியா

ஓடும் காரின் உடம்பில் ஒரு நீண்ட குழாயைப் பொருத்தி, அதன் நுனியில் கேமராவைக் கட்டி, இரண்டும் சேர்ந்து நகரும்போது ஷட்டரைச் சில விநாடிகள் திறந்து வைத்து எடுக்கும் படம் ரிக் புகைப்படம் எனப்படும். காருக்கும் கேமராவுக்கும் இடையிலான தூரம் மாறுவதில்லை. ஆகவே கதவுக் கைப்பிடி முதல் எண் பலகை வரை கார் துல்லியமாக விழும். சாலை, கடைகள், விளக்குகள் எல்லாம் கோடு கோடாக இழுபடும். சக்கரக் கம்பிகள் சுழற்சியில் கரைந்து வட்டமாகிவிடும். எடுத்த பிறகு, படத்தில் தெரியும் குழாயையும் அதன் நிழலையும் கணினியில் அழித்துவிடுவார்கள். மோட்டார் இதழ்களிலும் விளம்பரப் பலகைகளிலும் பாய்ந்து செல்வதுபோல் தோன்றும் கார்களில் பல, உண்மையில் மனிதர் நடக்கும் வேகத்தில் உருண்டவை.

சிங்கப்பூரில் தமிழர்கள் தேக்கா என்று அழைக்கும் லிட்டில் இந்தியா வட்டாரம் இம்முறைக்கு மிகவும் பொருந்தி வருவது. அகன்ற விரைவுச்சாலைகளும் வானுயர்ந்த கோபுரங்களும் நிறைந்த ஊரில், தாழ்ந்த பழைய கடைவீடுகள் சாலையை ஒட்டி வரிசையாக நிற்கும் இந்த வட்டாரமே வேகத்தை நன்றாகக் காட்டுகிறது. அதற்குக் காரணம் வடிவியல்.

வேகம் எங்கிருந்து வருகிறது

ஒரு பொருள் படத்தில் எவ்வளவு நீளத்துக்கு இழுபடும் என்பது கார் கடந்த தூரத்தை மட்டும் பொறுத்ததன்று. அந்தப் பொருள் கேமராவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் பொறுத்தது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் உருளும் கார், 4 விநாடிகளில் சுமார் 5.6 மீட்டர் கடக்கும். சராசரி கார் டயரின் சுற்றளவு 2 மீட்டர் அளவில் இருப்பதால், அதற்குள் சக்கரம் ஏறத்தாழ மூன்று சுற்று சுற்றிவிடும். கம்பிகள் வட்டமாகக் கரைய இதுவே போதும்.

பக்கவாட்டில் நேராகப் பார்க்கும் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் இருப்பதாகக் கொள்வோம். கேமராவிலிருந்து கடை முகப்பு 8 மீட்டர் தள்ளியிருந்தால், அந்த 4 விநாடிகளில் முகப்பின் ஒவ்வொரு புள்ளியும் சென்சாரின் மேல் சுமார் 17 மி.மீ. நகரும். முழுச்சட்டக சென்சாரின் அகலம் 36 மி.மீ. எனவே படத்தின் பாதி அகலத்துக்குக் கடை இழுபட்டிருக்கும். அகன்ற விரைவுச்சாலையில் பின்னணிக் கட்டடங்கள் 80 மீட்டர் தள்ளியிருந்தால் அதே இழுவை 1.7 மி.மீ.தான். படத்தைப் பார்ப்பவருக்குக் கார் நிறுத்தி வைத்திருப்பதாகவே தோன்றும். அங்கே தேக்காவின் இழுவையைப் பெற வேண்டுமானால் காரை மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓட்ட வேண்டும். அந்த வேகத்தில் காற்றும் சாலை அதிர்வும் குழாயை ஆட்டிவிடும். நான்கு விநாடிப் படம் ஒன்றுகூடத் தெளிவாக வராது.

இந்தக் கணக்கை அறியாமல் அகலமான நெடுஞ்சாலையைத் தேடிப் போய் ஏமாறும் இளம் புகைப்படக்காரர்கள் பலர். அவர்களுக்குத் தேவை விரைந்து ஓடும் சாலையன்று. பக்கத்தில் நெருங்கி நிற்கும் சுவர்.

கருவிகளும் கட்டும் விதமும்

ரிக்கின் அடிப்படை உறுப்பு சக்‌ஷன் கப். கண்ணாடிப் பலகைகளைத் தூக்கும் தொழிலாளர்கள் பயன்படுத்தும் அதே பொருள்தான் இது. சிறு கைப்பம்பால் காற்றை வெளியேற்றினால் வெளிக்காற்றின் அழுத்தம் அதைப் பரப்போடு அழுத்திப் பிடிக்கும். 15 செ.மீ. விட்டமுள்ள கப் ஒன்றில், வெற்றிடம் முழுமையாக இருந்தால், கோட்பாட்டளவில் 180 கிலோ எடைக்கு ஈடான பிடிப்பு கிடைக்கும். நடைமுறையில் அதைவிடக் குறைவு. காற்று கசியத் தொடங்கினால் பம்பின் தண்டில் உள்ள சிவப்புக் கோடு வெளியே தெரியும். தேர்ந்தவர்கள் ஒவ்வொரு படத்துக்கு முன்பும் அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கப்புகளை எங்கே ஒட்டுவது என்பதில் தொழில் நுணுக்கம் அடங்கியிருக்கிறது. இக்கால கார்களின் பானெட் தகடு மெல்லியது. நடுவில் ஒட்டி எடை ஏற்றினால் தகடு குழிந்துவிடும். கதவின் விளிம்பு, கூரை ஓரம், கண்ணாடி ஆகியவை உறுதியான இடங்கள். கீறல்-தடுப்புப் படலம் ஒட்டிய கார்களில் கப்பை இழுக்கும்போது படலமே உரிந்து வர வாய்ப்புண்டு. ஒட்டுமுன் பரப்பைத் துடைத்து உலர்த்துவது கட்டாயம். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் துடைத்த சில நிமிடங்களிலேயே மெல்லிய நீர்ப்படலம் திரும்பப் படியும். வெயிலில் நின்ற கறுப்புக் காரின் தகடு சூட்டில் ரப்பர் இளகிப் பிடிப்பும் தளரும்.

கப்புகளின் மேல் கிளாம்புகள், அவற்றில் அலுமினியம் அல்லது கார்பன் ஃபைபர் குழாய், நுனியில் பந்துத் தலை, அதன் மேல் கேமரா என்று அடுக்கடுக்காகக் கட்டுவார்கள். குழாயின் நீளம் பெரும்பாலும் 3 முதல் 5 மீட்டர். கேமராவுக்கும் காருக்கும் இடையே தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு இருக்க வேண்டும். அது இல்லாமல் காரை நகர்த்த அனுமதிக்கும் புகைப்படக்காரரை நம்பிக் காரைக் கொடுக்கக் கூடாது. சிலர் கூரையிலும் பானெட்டிலும் எதையும் ஒட்டாமல், முன்புற இழுவைக் கொக்கியிலும் அடிச்சட்டத்திலும் குழாயைக் கட்டுவதுண்டு. அப்படிக் கட்டினால் குழாய் காரின் உடம்பை மறைக்காது, பின்னர் அழிக்கும் வேலையும் பாதியாகும்.

எஞ்சின் ஓடினால் அதிர்வு குழாய் வழியே கேமராவுக்கு ஏறும். அதனால் எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு மூன்று பேர் காரைத் தள்ளுவதே பழைய வழக்கம். அதில் ஓர் ஆபத்து உண்டு. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் சில மிதிகளிலேயே தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். தள்ளும் கார் நிற்க மறுத்தால் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது கேமரா. ஆகவே ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் புகைப்படக்காரரின் பேச்சைவிடச் சாலையைக் கவனிப்பவராக இருக்க வேண்டும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் அவர் தலையை அசைக்காமலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் தெளிவாகவும் ஓட்டுபவர் முகம் கலங்கியும் விழும்.

இரவில் ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப்/11, 3 முதல் 5 விநாடி என்பது நல்ல தொடக்க அளவு. பகலில் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இன்றி அவ்வளவு நேரம் ஷட்டரைத் திறக்க இயலாது. கேமராவிலுள்ள அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுவது நல்லது. பொருத்திய கேமராவில் அது இல்லாத அசைவைத் தேடிப் படத்தைக் கெடுக்கும். ரிமோட் கொண்டு ஷட்டரை இயக்குவார்கள். குளிரூட்டிய காருக்குள் வைத்திருந்த கேமராவை வெளியே எடுத்தவுடன் லென்ஸில் பனி மூட்டம் படியும். இருபது நிமிடமாவது பையோடு வெளியில் வைத்துச் சூடேற்றினால்தான் வேலைக்கு ஆகும். சென்னையிலும் இதே நிலைதான்.

தேக்காவின் சாலைகள்

நகர மறுசீரமைப்பு ஆணையம் லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக 1989இல் அறிவித்தது. அந்த முடிவு இல்லாதிருந்தால் இங்கே இன்று எடுக்கும் படங்கள் கிடைத்திரா. இரண்டு மூன்று மாடிக் கடைவீடுகள், அவற்றின் முன் தொடர்ச்சியாக ஓடும் ஐந்தடி நடைபாதை, வண்ணச் சன்னல்கள், பூச்சரங்கள், நகைக்கடை விளக்குகள் ஆகியவை எல்லாம் கார்க் கூரைக்குச் சற்று மேலாக, கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. மஞ்சளும் ஊதாவும் பச்சையும் பூசிய சுவர், இழுபட்டால் வண்ணப் பட்டையாகவே மாறும். கெர்பாவ் ரோட்டில் 1900இல் கட்டப்பட்ட டான் டெங் நியா இல்லம் இதற்குச் சிறந்த பின்னணி. ஆனால் அதன் முன் வாகனம் ஓட வழியில்லை. அதை எட்டி நின்று படமெடுத்துத் திருப்தியடைய வேண்டியதுதான்.

முதுகெலும்பாக ஓடும் சிராங்கூன் ரோடு இப்பகுதியில் ஒருவழிச் சாலை. எதிரே வண்டி வராததால் காருக்கு முன்னால் இருக்கும் விளக்குகள் அனைத்தும் ஒரே திசையில் சிவப்புக் கோடுகளாகின்றன. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் கோபுரம் இச்சாலையின் ஓரத்திலேயே எழுந்து நிற்கிறது.  கோயிலைக் காரின் பின்னணி அலங்காரமாகக் கொள்வது எனக்கு ஏற்புடையதன்று. பூசை நேரத்தில் வாசலில் ரிக் கட்டிய வண்டியை நகர்த்துவது இன்னும் தவறு.

டன்லப் ஸ்திரீட், அப்பர் டிக்சன் ரோடு போன்ற குறுக்குச் சந்துகள் ஒடுங்கியவை. இங்கே கடைச் சுவர் இன்னும் அருகில் இருப்பதால் இரண்டே விநாடி போதும். ஆனால் பக்கவாட்டில் குழாய் நீட்ட இடமில்லை. காரின் முன்புறம் அல்லது பின்புறம் குழாயைக் கட்டி, முக்கால் கோணத்தில் எடுப்பது வழக்கம். கேம்பல் லேன் இப்போது நடப்பவர்களுக்கு மட்டுமே. அங்கேதான் 2015இல் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது.

ரேஸ் கோர்ஸ் ரோட்டின் பெயர் இவ்வட்டாரத்தின் பழைய வேகத்தை நினைவூட்டுகிறது. பக்கத்து ஃபேரர் பார்க்கில் 1843 முதல் 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்தது. தீவுக்கு முதல் மோட்டார் கார் 1896இல் வந்தது. சார்ல்ஸ் பக்லி வைத்திருந்த அந்த பென்ஸ் வண்டி எழுப்பிய சத்தத்தால் ஊரார் அதைக் காப்பி இயந்திரம் என்று அழைத்தனர்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவில் இவ்வேலையைத் தொடங்கவே கூடாது. கட்டுமானத் தொழிலாளர்கள் வாரம் முழுதும் உழைத்துவிட்டு ஊர்க்காரர்களைச் சந்திக்க வரும் பொழுது அது. சாலையோரம் அவர்களுக்கு உரியது. தைப்பூசத்தில் சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீனிவாச பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்படும்போதும் அப்படியே. வேலைநாளில் கடைகள் மூடிய பிந்திய இரவே தகுந்த நேரம். அப்போது பல கடைகளின் பெயர்ப்பலகை விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். ஆள் நடமாட்டமும் குறைந்திருக்கும்.

தீபாவளி ஒளியூட்டு

ஆண்டுதோறும் தீபாவளிக்குப் பல வாரங்களுக்கு முன்பே சிராங்கூன் ரோட்டின் குறுக்கே ஒளி வளைவுகள் எழும். லிட்டில் இந்தியா கடைக்காரர்கள், மரபுடைமைச் சங்கமான லிஷா இதை ஏற்பாடு செய்கிறது. மயில், யானை, தாமரை, விளக்கு என்று ஆண்டுக்கொரு வடிவம். ரிக் புகைப்படத்துக்கு இதைவிட நல்ல மேற்கூரை வேறில்லை. வளைவுகள் காரின் தலைக்கு மேல் சில மீட்டரில் இருப்பதால், கார் அடியில் கடக்கும்போது ஒவ்வொரு விளக்கும் பின்னோக்கி நீளும். அதே கோடுகள் பானெட்டிலும் முன்கண்ணாடியிலும் பிரதிபலித்து வளையும். காரின் உடம்பு வளைவுகளை விளம்பரக் கூடத்து விளக்குகள் காட்டுவதைவிட இந்தப் பிரதிபலிப்பு நன்றாகக் காட்டுகிறது. வெள்ளைக் காரில் இது எடுபடாது. அடர்ந்த நீலம், கறுப்பு, கருஞ்சிவப்பு வேண்டும்.

எல்இடி விளக்குகளில் ஒரு சிக்கல் உண்டு. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி சரங்கள் அதற்கேற்ப விநாடிக்கு 100 முறை அணைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு ரிக் படத்தில் சிக்கிக்கொள்ளும். மணிக்கு 5 கிலோமீட்டரில் நகரும் கார் ஒவ்வொரு துடிப்புக்கும் 1.4 செ.மீ. கடப்பதால், தொடர்கோடாக இருக்க வேண்டியது பெரிதாக்கிப் பார்க்கும்போது புள்ளிக்கோடாகத் தெரியும். வெறுப்பவர்கள் அதைக் கணினியில் மென்மையாக்கிவிடுவர். அது அந்த இரவின், அந்த விளக்கின் கையெழுத்து என்பதால் விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

தீபாவளி விழும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். மழை விட்ட பின் ஈரமான தார்ச்சாலை ஒளி வளைவுகளைக் கீழேயும் காட்டும். அதற்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. கப்புகளை ஒட்டுமிடத்தைத் துடைக்கும் துணியை மட்டும் அவர்கள் மறக்கக் கூடாது.

முன்னோடிகள்

நகரும் வண்டியில் கேமராவைக் கட்டும் எண்ணம் திரைப்படம் பிறந்த காலத்திலேயே வந்தது. 1897இல் அமெரிக்காவில் ரயில் எஞ்சினின் முகப்பில் கேமராவை வைத்து, சுரங்கத்துக்குள் நுழைந்து வெளிவரும் காட்சியைப் படமாக்கினர். நிழற்படத்தில் ஓடும் காரின் வேகத்தை முதலில் உணர்த்தியவர்களில் பிரெஞ்சுக்காரர் ழாக் ஆன்ரி லார்த்திக் முக்கியமானவர். பந்தயக் காரின் சக்கரம் முன்னோக்கிச் சாய்ந்து முட்டை வடிவாய்த் தெரியும் அவருடைய படம், ஷட்டரின் திரை மெல்ல இறங்கியதாலும் அவர் கேமராவைத் திருப்பியதாலும் விளைந்தது. சாலையோரம் நின்று எடுத்த படம் அது.

ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கிய கிராண்ட் பிரி (1966) பந்தயக் கார்களிலேயே கேமராக்களைப் பொருத்தியது. லெ மான் படத்துக்காக 1970ஆம் ஆண்டின் 24 மணிநேரப் பந்தயத்தில் ஒரு போர்ஷே 908 கேமராக்களைச் சுமந்துகொண்டு உண்மையாகவே ஓடியது. ஃபிலிம் மாற்ற அடிக்கடி நின்றதால் அது கடக்க வேண்டிய தூரத்தைக் கடக்க முடியவில்லை. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 1985 ஜெர்மன் கிராண்ட் பிரியில், ஃபிரான்சுவா எனோ ஓட்டிய ரெனோ காரிலிருந்து நேரலைக் காட்சி வந்தது. காரைச் சுற்றிவரும் நிலைப்படுத்திய கிரேன் கையைக் கீவ் நகரில் உருவாக்கிய அனத்தோலி கோகுஷ் 2006இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது பெற்றார்.

சிங்கப்பூரின் பழைய கிராண்ட் பிரி 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் ரோட்டில் நடந்தது. பின்னர் 2008 செப்டம்பரில் மரினா பே தெருக்களில் ஃபார்முலா ஒன் வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம் நடந்தது. பாதை முழுவதும் சுமார் 3,000 லக்ஸ் ஒளி பாய்ச்சினார்கள். அவ்வளவு ஒளியில் ரிக் முறைக்குத் தேவையே இல்லை. மிகக் குறைந்த நேர ஷட்டரால் பந்தயக் கார்களை உறைய வைக்கலாம். தேக்காவிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், நேர் எதிரான முறை ஆண்டுதோறும் கையாளப்படுகிறது.

தமிழ்த் திரையுலகம் சிங்கப்பூர்ச் சாலைகளைப் பிரியா (1978), நினைத்தாலே இனிக்கும் (1979) ஆகிய படங்களில் நம் ஊர்களுக்குக் கொண்டு வந்தது. விடாமுயற்சி படப்பிடிப்பில் கார் கவிழ்ந்த காட்சியை 2024 ஏப்ரலில் படக்குழு வெளியிட்டபோது, வண்டிக்குள் இருந்த கேமரா எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதைப் பார்த்தவர்கள் உணர்ந்தனர். 

வீதியைப் படமெடுக்கும் வண்டிகள்

வண்டியில் கட்டிய கேமரா தேக்காவை மிக முழுமையாகப் பதிந்தது விளம்பரத்துக்காக அன்று. கூகுள் வீதிக்காட்சி 2007இல் அமெரிக்காவில் தொடங்கி 2009 டிசம்பரில் சிங்கப்பூருக்கு வந்தது. சிங்கப்பூர் நில ஆணையம் 2014இல் தொடங்கிய முப்பரிமாண நாட்டு வரைபடத் திட்டத்தில் லேசர் கருவியும் கேமராவும் பொருத்திய வண்டிகள் பொதுச் சாலைகளில் ஓடின. வாடகைக் கார் நிறுவனமான கிராப் தன் ஓட்டுநர்களின் வண்டிகளிலேயே கேமராக்களை வைத்துச் சொந்த வரைபடம் தயாரிக்கிறது. இந்தியாவில் வீதிக்காட்சி சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களில் 2022 ஜூலையில்தான் முறையாகத் தொடங்கியது.

இவற்றுக்கும் ரிக் புகைப்படத்துக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத் தக்கது. வரைபட வண்டியின் ஷட்டர் நொடியின் சிறு பங்கே திறக்கும். ஐந்தடியில் தேநீர் குடிப்பவர் முகமும் நிற்கும் கார்களின் எண்களும் தெளிவாக விழுந்துவிடும். அவற்றை மென்பொருளால் கலைக்க வேண்டியதாயிற்று. கூகுள் 2008இல் அதைத் தொடங்கியது. ரிக் படத்தில் இது தானாகவே நடக்கிறது. உடன்பட்டுக் காரைக் கொடுத்தவரின் எண் பலகை மட்டும் கூர்மையாக நிற்கும். வழிப்போக்கர் அனைவரும் நிறமாகக் கரைவர். முன்னால் அதே வேகத்தில் ஊரும் டாக்சி ஒன்றுதான் விதிவிலக்கு. அதன் எண் ஓரளவு படிக்கும்படி இருந்தால் அழித்துவிட வேண்டும். தெருவை இவ்வளவு கண்ணியமாக நடத்தும் படமுறை வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

அனுமதி

காரின் உடம்புக்கு வெளியே நீண்ட குழாயோடு போக்குவரத்துள்ள பொதுச் சாலையில் செல்வது பாதசாரிக்கும் மோட்டார் சைக்கிள்காரருக்கும் ஆபத்து. சாலையை மறித்துப் படமெடுக்க நிலப் போக்குவரத்து ஆணையம், காவல்துறை ஆகியவற்றின் ஒப்புதல் வேண்டும். தனிநபர்களுக்கு எளிய வழி, காரின் அகலத்துக்குள் அடங்கும் சிறு பொருத்தம், அல்லது காருக்குள்ளிருந்து முன்கண்ணாடி வழியே எடுப்பது. வாகன நிறுத்துமிட மாடிகள், தொழிற்பேட்டை உட்சாலைகள் போன்ற தனியார் இடங்களில் உரிமையாளர் சம்மதத்துடன் நீண்ட குழாயைப் பயன்படுத்துவோரும் உண்டு. ட்ரோன் வேண்டுமென்றால், 250 கிராமுக்கு மேற்பட்டதை 2020 முதல் பதிவு செய்தாக வேண்டும்.

மாறிவரும் தொழில்

2016இல் லண்டன் நிறுவனமான தி மில் அறிமுகப்படுத்திய பிளாக்பேர்ட் என்ற வண்டி, நீளமும் அகலமும் மாற்றக்கூடிய வெறும் சட்டம். அதைப் படமெடுத்து, எந்தக் காரையும் பிறகு கணினியில் போர்த்திவிடலாம். மற்றொரு பக்கம், இரண்டு லென்ஸ் கொண்ட 360 பாகைக் கேமராக்கள் பிடிக்கும் கம்பியைத் தாமே மறைத்துவிடுகின்றன. முன்பு ஒரு நாள் எடுத்த அழிப்பு வேலை அவற்றில் தானாக முடிகிறது. தரம் மட்டும் பெரிய அச்சுக்குப் போதாது.

ரிக் வேலையை உண்மையில் எளிதாக்குவது மின்சாரக் கார். சிங்கப்பூரில் 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய்மையான ஆற்றலில் ஓட வேண்டும். மின்சாரக் காரில் எஞ்சின் அதிர்வு கிடையாது. மணிக்கு 3, 4 கிலோமீட்டரில் சீராக ஊரவும் முடியும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் முழு வலுவோடு இருக்கும். தள்ளுவதற்கு ஆள் தேவைப்படாததால், இருவர் மட்டும் இருந்தாலே இன்று தேக்காவின் சந்து ஒன்றில் ரிக் படம் எடுக்கலாம்: ஒருவர் ஓட்ட, மற்றவர் நடந்தபடியே ரிமோட்டை அழுத்த.